டாக்டர்களுக்கு எதுக்கு ‘லீடர்ஷிப்’ பயிற்சி? எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் சொல்வது என்ன?

மருத்துவமனையில் தலைமைன்னா நமக்கு டீன், துறைத் தலைவர்னுதான் ஞாபகம் வரும். ஆனால் நள்ளிரவில் வார்டில் ஒரு நோயாளிக்கு திடீரென இதயத்துடிப்பு நின்றுபோனால், பல நேரங்களில் முதலில் ஓடி வருவது பயிற்சி மருத்துவர்தான். சீனியர் வந்து சேரும் வரை நர்ஸ், ஊழியர்கள் எல்லோரையும் ஒருங்கிணைக்க வேண்டியவரும் அவரே. இதற்கு அவரைத் தயார் செய்வது எப்படி?

பாடத்திட்டத்தில் இது இருக்கா?

இருக்கு. 2019-ல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களில் இருந்து, இந்தியா முழுவதும் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் அமலுக்கு வந்தது. படித்து முடிக்கும் டாக்டர் 5 பொறுப்புகளுக்குத் தகுதியானவராக இருக்க வேண்டும் என்கிறது அது. சிகிச்சை அளிப்பது, தெளிவாகப் பேசுவது, தொடர்ந்து கற்பது, தொழில் நெறியோடு நடப்பது ஆகியவை நான்கு. இன்னொன்று, மருத்துவக் குழுவின் ‘தலைவராகவும் உறுப்பினராகவும்’ இருப்பது.

கனடாவும் 2015-ல் தனது ‘கான்மெட்ஸ்’ வரையறையில் ‘மேலாளர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘தலைவர்’ என்று மாற்றியது.

குழுத் தலைவர் என்ன செய்வார்?

இதயத்துடிப்பு நின்றவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்த வேண்டும். அழுத்துபவர் களைத்துவிடுவார் என்பதால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். ஆட்கள் போதுமான அளவு இருந்தால், தலைவர் தானே அழுத்தாமல் சற்று விலகி நின்று மொத்தத்தையும் கவனிப்பார்.

‘யாராவது ஊசி போடுங்க’ன்னு பொதுவா சொன்னா, யாருமே போடாமல் போகலாம். அதனால் ஒருவரின் பெயரைச் சொல்லி, ‘அட்ரினலின் 1 மில்லிகிராம் கொடுங்க’ என்று கேட்க வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்லி, ‘கொடுத்தாச்சு’ என்று உறுதி செய்ய வேண்டும்.

பேச்சு உயிரைக் காப்பாற்றுமா?

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைப்பதற்கு முன், குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்வது அதில் ஒரு அம்சம். டெல்லி உட்பட 8 நகரங்களில் இந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இறப்பு விகிதம் 1.5 சதவீதத்தில் இருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-ல் ஆய்வு முடிவு வெளியானது.

இதை எப்படிச் சொல்லித் தருவது?

வகுப்பில் உட்கார்ந்து கேட்டால் மட்டும் வராது. பொம்மையை நோயாளியாக வைத்து அவசர சிகிச்சை ஒத்திகை நடத்துவார்கள். மாணவர்கள் மாறி மாறித் தலைவராக இருப்பார்கள். முடிந்ததும் எது சரி, எங்கே தடுமாறினோம் என்று எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். வார்டிலும் ஷிஃப்ட் மாறும்போது நோயாளியின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பது போன்ற சின்னப் பொறுப்புகளில் தொடங்கி, சீனியர் மேற்பார்வையில் படிப்படியாகக் கூட்டலாம்.

சிக்கல் எங்கே?

‘சார், இந்த மருந்து இவருக்கு அலர்ஜி’ன்னு ஒரு ஜூனியரோ நர்ஸோ சொல்லும்போது, ‘எனக்கே பாடம் எடுக்குறியா?’ என்று சீனியர் சீறினால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த மௌனத்தால் பாதிக்கப்படப்போவது நோயாளிதான். அதனால் இந்தப் பயிற்சி மாணவர்களுக்கு மட்டுமில்லாமல், அவர்களுக்குக் கற்றுத் தரும் சீனியர்களுக்கும் அவசியம்.