போட்ட காசை எடுக்காமல் ஒரு நாள்

எண்பதுகளில் சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போய் வந்த குடும்பத்தைப் பார்த்தால் பக்கத்து வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, “என்ன விழுந்துச்சு?” என்பதுதான். என்ன பார்த்தீர்கள் என்பதெல்லாம் அப்புறம். விழுந்தது பெரும்பாலும் ஒரு குளியல் சோப்பாக இருக்கும். கை ராசி இருந்தால் ஓர் எவர்சில்வர் டம்ளர். அதை வீட்டுப் பையன் எல்லோரிடமும் தூக்கிக் காட்டுவான். அந்த டம்ளருக்காக எத்தனை வளையம் வாங்கினோம் என்று அப்பா வாயே திறக்கமாட்டார்.

கூவத்தின் கைகளுக்கு நடுவே கிடக்கும் அந்தத் திடலில், பொங்கலை ஒட்டிய மாதங்களில் ஒரு தனி ஊரே முளைக்கும். ஒரு பக்கம் அரசுத் துறைகளின் அரங்குகள். அவற்றைத் தாண்டினால் ஜெயன்ட் வீல், கொலம்பஸ் கப்பல், மரணக் கிணறு, உடம்பை நீட்டியும் குறுக்கியும் காட்டும் கண்ணாடிகள், முகத்தையே மறைக்கும் அளவுக்கு டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி. நுழைவுச் சீட்டு எல்லோர் கைக்கும் எட்டும். உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. ஆகவே ஒவ்வொரு கூடாரத்தின் முன்னாலும் குடும்பம் ஒரு முறை நின்று யோசிக்கும். எதில் ஏறுவது, எதை விடுவது, யார் ஏறுவது, யார் செருப்பையும் பையையும் பார்த்துக்கொள்வது என்று ஒரு சின்ன மாநாடு நடக்கும்.

எல்லா யோசனையையும் உடைக்கும் இடம் வளையம் போடும் கடை. அதன் அமைப்பைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கத்தான் வேண்டும். மேடையில் துணி விரித்து, முன்வரிசையில் சோப்பு, சீப்பு, பிஸ்கட் பொட்டலம். நடுவில் பவுடர் டப்பா, பொம்மை. கடைசியில், கை எட்டுவது போலவே தோன்றும் தூரத்தில், அலாரம் கடிகாரமும் டிரான்சிஸ்டரும். விலை கூடிய பொருள்கள் எல்லாம் ஒரு சதுரக் கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும். வளையம் பொருளைச் சுற்றி விழுந்தால் போதாது. கட்டையையும் சுற்றிக்கொண்டு துணியில் படிய வேண்டும். நல்ல பொருளின் கட்டைக்கும் வளையத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் இருக்கும். வளையம் தட்டையாக இறங்கினால்தான் நான்கு மூலைகளையும் தாண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு மூலை அதைத் தாங்கிக்கொள்ளும். “விழாதுன்னு யார் சொன்னது? பாருங்கண்ணே” என்று கடைக்காரர் தானே போட்டுக் காட்டுவார். விழத்தான் செய்யும். ஏனென்றால் அவர் மேடைக்கு அந்தப் பக்கம் நின்று, நேர் மேலிருந்து போடுகிறார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு அந்தக் கோணம் கிடைக்கவே கிடைக்காது.

இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகரமும் தார்ப்பாயும் லாரியில் ஏற்றிக்கொண்டு திருவிழாவுக்குத் திருவிழா அலைகிற பிழைப்பு அது. எல்லோருக்கும் டிரான்சிஸ்டர் விழுந்தால் அடுத்த ஊருக்கு லாரி போகாது. அவர் விற்பது டிரான்சிஸ்டர் இல்லை. வளையம் கையை விட்டுக் கிளம்பியதிலிருந்து கட்டையில் படும்வரை மூச்சை நிறுத்தி வைக்கிறதே ஒரு நொடி, அதைத்தான் விற்கிறார். அந்த நொடிக்குக் கொடுத்த காசு என்று எண்ணினால் அது மலிவானதுதான். சோப்புக்குக் கொடுத்த காசு என்று எண்ணும்போதுதான் வயிறு எரிகிறது.

அப்படி எண்ண வைத்ததில் அந்தக் காலத்துக்கும் பங்கு உண்டு. 1968-இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, அரசே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்பது அன்று எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனைக்குத் தடை வரும்வரை, பேருந்து நிலையத்திலும் டீக்கடை ஓரத்திலும் வண்ண வண்ணச் சீட்டுகள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. மாலைப் பத்திரிகையில் எண்ணைத் தேடுவது பல வீடுகளில் அன்றாட வேலை. அந்த வீடுகளிலிருந்து பொருட்காட்சிக்கு வந்தவர்கள் வளையத்தையும் அதே கண்ணால்தான் பார்த்திருப்பார்கள்.

ஆனால் அதே திடலில் பரிசைப் பற்றிய நினைப்பே இல்லாத இன்னொரு கூட்டமும் இருந்தது. ஆத்தாக்கள், அப்பத்தாக்கள், இடுப்பில் குழந்தையோடு வந்த அத்தைகள், ராட்டினம் என்றாலே தலைசுற்றும் என்று ஒதுங்கிய மாமாக்கள். கொண்டு வந்த புளியோதரையைப் பிரித்து, ராட்டின வெளிச்சம் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். கொலம்பஸ் கப்பல் ஒரு பக்கம் உயரும்போது மேலே இருப்பவர்கள் போடும் அலறலுக்குக் கீழே இவர்கள் சிரிப்பார்கள். மரணக் கிணற்றின் சுற்றுப் பலகையில் மோட்டார் சைக்கிள் சுவரில் படுத்தபடி ஏறி வரும்போது “அம்மாடி” என்று பின்வாங்குவார்கள். வளையக் கடையிலும் அப்படித்தான். போடுபவர் ஒருவர் என்றால், “கொஞ்சம் இடப்பக்கமா போடு தம்பி” என்று யோசனை சொல்பவர்கள் பத்துப் பேர். அவர்கள் இழக்க ஒன்றும் இல்லை, வெல்லவும் ஒன்றும் இல்லை. அன்றைய பொருட்காட்சியை முழுசாக அனுபவித்தவர்கள் அவர்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. கோல்டன் பீச் பேர்பெற்றபோது, அங்கே ஓர் அருமையான பரிசுப் போட்டி இருந்தது. சிலை மனிதர். அரண்மனைக் காவலர் போல உடுத்தி, மீசை முறுக்கி, கண்ணிமைகூட ஆடாமல் நிற்பார். அவரைச் சிரிக்க வைத்தால் பரிசு என்பார்கள். பள்ளிச் சுற்றுலாவில் வந்த பிள்ளைகள் குரங்குச் சேட்டை செய்வார்கள், பழைய நகைச்சுவை வசனங்களைச் சொல்வார்கள், ஒருவர் காதை ஒருவர் திருகிக்கொண்டு குதிப்பார்கள். அவர் அசையமாட்டார். கடைசியில் சிரித்து உருள்வது பிள்ளைகள்தான். தோற்றுப்போனவர்கள் அத்தனை பேரும் மகிழ்ச்சியாகப் பேருந்தில் ஏறினார்கள். அவர் சிரித்துத் தொலைத்திருந்தால்தான் ஏமாற்றமாக இருந்திருக்கும். கேளிக்கைப் பூங்காவில் பரிசு என்ற ஒன்று எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், நான் இதைத்தான் காட்டுவேன்.

பிறகு வந்தவை பெரிய பூங்காக்கள். டெல்லியில் 1984-இல் அப்பு கர், மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்டு என்று தொடங்கிய அலை தெற்கேயும் வந்தது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்த நவோதயா அப்பச்சன், 1995-இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவைத் திறந்தார். முட்டுக்காடு பக்கம் எம்.ஜி.எம்., மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், பெங்களூர் நெடுஞ்சாலையில் குயின்ஸ்லேண்ட். தண்ணீர் விளையாட்டு என்று ஒன்று ஊருக்குள் வந்தது. காலங்காலமாக ஆற்றிலும் கிணற்றிலும் குதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் செயற்கை அலையில் குதித்தார்கள். இந்தப் பூங்காக்களோடு மெல்ல மெல்ல இன்னொரு வழக்கமும் நிலைபெற்றது. வாசலில் ஒரே சீட்டு. உள்ளே போய்விட்டால் எதில் வேண்டுமானாலும் ஏறலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம்.

இந்த மாற்றம் பிற நாடுகளிலும் நடந்ததுதான். 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் திறந்த டிஸ்னிலாந்திலும் நெடுங்காலம் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனிச் சீட்டுதான். ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுப் புத்தகம் வாங்க வேண்டும். 1982-இல்தான் அது ஒழிந்து ஒரே சீட்டானது. வால்ட் டிஸ்னிக்கு இப்படி ஒரு பூங்கா கட்டும் எண்ணம் எங்கே வந்தது என்பது இன்னும் அழகு. லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் பூங்காவில் தம் இரண்டு மகள்கள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவதை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். உலகத்தின் கேளிக்கைப் பூங்காக்களுக்கெல்லாம் முன்மாதிரியான ஒன்று, ஏறாமல் கீழே உட்கார்ந்திருந்த ஓர் அப்பாவின் மனதில் பிறந்தது. தீவுத்திடலில் புளியோதரை சாப்பிட்டபடி உட்கார்ந்திருந்தவர்களின் இனத்தைச் சேர்ந்தவர் அவர்.

ஒரே சீட்டு நல்ல மாற்றம் என்றே சொல்வேன். ஒவ்வொரு கூடாரத்தின் முன்னாலும் பர்ஸைத் திறந்து பார்த்த சங்கடம் போயிற்று. “போதும், காசு இல்ல” என்ற சொல் குழந்தையின் காதில் விழுவதில்லை. ஆனால் வளையக் கடையிலிருந்த பரிசு ஆசை ஒழிந்துவிடவில்லை, வாசலுக்கு வந்துவிட்டது. கொச்சியில் 2000-இல் வீகாலேண்டாகத் தொடங்கிய வொண்டர்லா, 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே சென்னைக்கான பூங்காவைத் திறந்தது. இப்படி ஒரு பூங்காவில் இன்று ஒருவருக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும் சீட்டு. நான்கு பேர் குடும்பத்துக்குப் பயணம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் பெரிய தொகை. அவ்வளவு கொடுத்த பிறகு அப்பாவின் வாயில் வருவது, “போட்ட காசை எடுக்கணும்.” முதல் நாள் இரவே கைப்பேசியில் வீடியோ பார்த்து எதற்குப் பின் எது என்று வரிசை போடுகிறார்கள். வரிசையில் காத்திருக்காமல் முந்திப் போக இன்னொரு சீட்டு, கூடுதல் விலைக்கு. மாலையில் கேட்டால், “இருபத்தி ரெண்டு முடிச்சிட்டோம், இன்னும் நாலு பாக்கி” என்கிறார்கள். முடித்தார்களாம்! ஏறிய ராட்டினத்தின் எண்ணிக்கையே பரிசாகிவிட்டது. சின்னப் பிள்ளை நீர்ச்சறுக்கில் ஒரே இடத்தில் ஐந்து முறை சறுக்க ஆசைப்பட்டு அழும்போது, “அதான் முடிச்சாச்சே, அடுத்ததுக்கு வா” என்று கையைப் பிடித்து இழுத்துப் போவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததுதான் சரி. தொங்கு ரோலர் கோஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டவாளம் தலைக்கு மேலே, கால்கள் அந்தரத்தில். மெதுவாக, கடகடவென்ற சத்தத்தோடு உச்சிக்கு ஏறும்போது தூரத்துப் பனைமரங்கள் தெரியும். அப்புறம் அடிவயிறு காணாமல் போகும். ஓரிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இறங்கியதும் கால் தள்ளாடும், காரணமில்லாமல் சிரிப்பு வரும், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவரைப் பார்த்துத் தலையாட்டத் தோன்றும். கையில் எடுத்துப் போக ஒன்றுமில்லை. அலைக்குளத்தில் சங்கு ஊதியதும் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே குரலில் கூவுகிறார்களே, அந்தக் கூச்சலில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கெல்லாம் கரைந்துபோகிறது. நல்ல புடவை நனையாமல் ஓரத்தில் நிற்க நினைத்த அம்மாவை ஓர் அலை நனைத்துவிட்டால், அதன் பின் அவர் நடுக்குளத்துக்கே போய்விடுகிறார். இப்படி ஒன்று நடந்துவிட்டால் மீதி இருபத்தைந்து ராட்டினம் பாக்கி இருந்தாலும் அந்த நாள் நிறைந்துவிட்டது.

பழைய வளையக் கடையும் போய்விடவில்லை. மால்களின் விளையாட்டுக்கூடங்களில் அது கண்ணாடிப் பெட்டியாக நிற்கிறது. உள்ளே பொம்மைகள், மேலே ஓர் இரும்புக் கொக்கி. அதன் பிடி எவ்வளவு இறுக வேண்டும் என்பதை நடத்துபவர் முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம். பல தடவை பொம்மையைத் தூக்கி, பாதி வழியில் நழுவவிடும்படியும், எப்போதாவது ஒரு தடவை இறுக்கிப் பிடிக்கும்படியும் வைக்க முடியும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கடைக்காரரின் இடத்தில் இப்போது ஒரு மின்பலகை. காசுக்குப் பதில் முன்பணம் ஏற்றிய அட்டையைத் தேய்ப்பதால், எவ்வளவு போயிற்று என்பது பிள்ளைக்கு மட்டுமல்ல, பெற்றவர்களுக்கும் தெரிவதில்லை. ஆகவே அட்டையில் ஏற்றும்போதே பிள்ளையிடம் சொல்லிவிடுவது நல்லது: “கண்ணு, இது விளையாடுறதுக்கு. பொம்மை வேணும்னா அப்புறம் கடையில வாங்கிக்கலாம்.” சொல்லிவிட்டுப் பாருங்கள், கொக்கி நழுவும்போது அந்தப் பிள்ளை அழாது, “ஐயோ, கொஞ்சத்துல போச்சு!” என்று குதிக்கும்.

ஒரே சீட்டுக்கு மாறியதில் எனக்கு மெய்யாகவே வருத்தம் தருவது வேறு. அன்றைய திடலில் வேடிக்கை பார்க்க வந்த அப்பத்தாவை இன்றைய பூங்காவில் காண்பது அரிது. “அவங்க எதுலயும் ஏறமாட்டாங்க, எதுக்கு அவ்வளவு காசு?” என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். மூத்தவர்களுக்குக் கட்டணத்தில் சில பூங்காக்கள் சலுகை தருகின்றன. அது இன்னும் குறைய வேண்டும். கூடவே நல்ல நிழலும், ராட்டினம் தெரியும்படி போட்ட பெஞ்சுகளும் வேண்டும். அதுவரை, முந்திப் போகும் சீட்டுக்கு எடுத்து வைத்த பணத்தில் அப்பத்தாவுக்கு ஒரு சீட்டு வாங்கிவிடலாம். பேரன் உச்சியில் தலைகீழாகத் தொங்கி அலறும்போது, கீழே நின்று “ஏலேய், கெட்டியாப் பிடிச்சுக்கடா!” என்று பதிலுக்குக் கத்த அங்கே ஓர் ஆள் வேண்டும்.