ஒரு தட்டுதான் இருக்கிறது

வடசென்னை எர்ணாவூரில் நான் நடத்துவது நோட்டு, பேனா, ஜெராக்ஸ் கடை. மாயாஜாலம், சரித்திரம் என எல்லாக் கதைப் புத்தகங்களுக்கும் ஒதுக்கியது ஒரே ஒரு தட்டு. அதில் பாதிக்கு மேல் கல்கியும் சாண்டில்யனும்தான். அவர்கள் எழுதியது சரித்திர நாவல், மாயாஜாலம் அல்ல என்று படித்தவர்கள் திருத்துவார்கள். ராஜா, வாள், சதி, சுரங்க வழி எல்லாம் இருந்தால் எங்களுக்கு அது ஒரே தட்டு.

நூறு ரூபாய்ப் புத்தகம் விற்றால் எனக்கு நிற்பது முப்பது, முப்பத்தைந்து. விற்காமல் கிடந்தால் அந்த இடத்தில் விற்றிருக்கக்கூடிய நோட்டும் போச்சு. எங்கள் பக்கம் இன்னொரு தொல்லையும் உண்டு. கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் கடலின் உப்புக்காற்றும் சேர்ந்து வெள்ளை அட்டையைச் சீக்கிரமே பழுப்பாக்கிவிடும். அப்புறம் அதைப் புதுப் புத்தகம் என்று யார் நம்புவார்? சீக்கிரம் போகிற புத்தகம்தான் எனக்குக் கட்டுப்படியாகும்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஏன் சீக்கிரம் போகிறது? 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்த தொடர் அது. புத்தகமாகிக் கடைக்கு வரும் முன்பே அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். சாண்டில்யனுக்கு அந்த வேலையைக் 'குமுதம்' செய்தது. பிறகு 1999-இல் தமிழக அரசு கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. ராயல்டி இல்லை, யாரும் அச்சிடலாம். பதிப்பகங்கள் போட்டி போட்டன. மலிவுப் பதிப்புகள் வந்தன, கடைக்காரனுக்குக் கழிவும் கூடுதலாகக் கிடைத்தது. 2022-இலும் 2023-இலும் அந்த நாவலை வைத்து மணிரத்னம் எடுத்த இரண்டு படங்கள் வந்தபோது விளம்பரச் செலவையும் சினிமாக்காரர்களே பார்த்துக்கொண்டார்கள். லேலண்ட் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கூட "அந்த அஞ்சு பாகம் இருக்காண்ணா?" என்று கேட்டார்.

புதிதாக எழுதுகிறவருக்கு இதில் எதுவுமே இல்லை. கொஞ்சம் பிரதிகளே அச்சடிப்பதால் ஒவ்வொன்றுக்கும் செலவு அதிகம். விலை ஏறும், கழிவு தர மிச்சம் இருக்காது. 'வித்ததும் காசு' என்ற பேச்சில்தான் நாங்கள் வாங்கி வைப்போம். தொடர் போட்டு ஆளைப் பழக்கும் வார இதழ்களும் குறைந்துவிட்டன. 'கல்கி'யே 2020-இல் அச்சை நிறுத்தியது. அந்த இடத்தை இணையம் கொஞ்சம் நிரப்பியது உண்மை. 2014 முதல் 2020 வரை ஜெயமோகன் 'வெண்முரசை' இணையத்தில் அன்றாடம் எழுதினார், 26 நாவல்கள். ஆனால் அவர் அப்போதே பெயர் பெற்றவர்.

பெயரில்லாதவருக்கு நூலகம்தான் கை கொடுக்க வேண்டும். 1997-இல், எழுதியவர் பெயரில்லாதவராக இருந்தபோது, முதல் 'ஹாரி பாட்டர்' கெட்டி அட்டையில் 500 பிரதிகள்தான் வந்தது. அதில் பெரும்பகுதியை வாங்கியவை பிரிட்டனின் நூலகங்கள்.

சென்னைப் புத்தகக் காட்சியில் புதியவர்கள் விற்கிறார்களே என்பார்கள். விற்கிறார்கள்தான். ஜனவரியில் விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் நந்தனத்தில் இறங்கலாம். அங்கே பத்து சதவீதம் தள்ளுபடி வேறு. புதுப் பெயரைத் தேடி வாங்கும் நாலு பேரும் அங்கேயே வாங்கிவிடுகிறார்கள். என் கடைக்கு வருகிறவர் ஏற்கெனவே தெரிந்த பெயரைத்தான் கேட்கிறார்.

போன மழைக்காலத்தில் கல்லூரித் தம்பி ஒருவன் தன் மாயாஜால நாவலோடு வந்து, "செத்துப்போனவங்களுக்கே இடம் கொடுத்தா நாங்க எங்கண்ணா போறது?" என்றான். கோபம் நியாயம்தான், ஆனால் என் தட்டின் மேல் காட்டிப் பயனில்லை. இரண்டு பிரதிகளைப் பாலிதீன் உறை போட்டு பில் மேஜையில் வைத்தேன். "ஒண்ணைக் கிளை நூலகத்துல குடு. முதல் அத்தியாயத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து டியூஷன் பிள்ளைங்களுக்குக் குடு, அடுத்தது கேட்டா அடுத்த வாரம் குடு. ஜெராக்ஸ் காசு எனக்கு வேணாம்" என்றேன்.