'இது வெறும் படக்கதைதானே?' - சயின்ஸ் ஃபிக்‌ஷன் முதல் வன்னி வரை... மிஸ் பண்ணக் கூடாத 6 கிராஃபிக் நாவல்கள்!

பியூனஸ் அயர்ஸ் நகரின் புறநகரில் ஒரு வீடு. மாடி அறையில் நான்கு நண்பர்கள் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று தெருச் சத்தம் மொத்தமாக அடங்கிப்போகிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், வெளியே பனி கொட்டுகிறது. அந்தப் பனி உடம்பில் பட்ட எல்லோரும் தெருவில் செத்துக் கிடக்கிறார்கள்.

1957-ல் அர்ஜென்டினாவின் வார இதழ் ஒன்றில் இப்படித் தொடங்கியது ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் படக்கதை. எழுதியவர் எக்டர் ஹெர்மன் ஓஸ்டர்ஹெல்ட். 20 ஆண்டுகள் கழித்து, 1977-ல், ராணுவ ஆட்சியின் ஆட்கள் அவரைப் பிடித்துச் சென்றார்கள். அவர் திரும்பி வரவே இல்லை.

"காமிக்ஸா? அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்" என்று நம்மில் பலர் சுலபமாகத் தள்ளிவிடுகிறோம். ஆனால், உலகின் மிகக் கனமான விஷயங்கள் சிலவற்றைச் சுமந்து நிற்பவை இந்தப் படக்கதைகள்தான். இதுவரை ஒரு கிராஃபிக் நாவல்கூடப் படித்ததில்லையா? எதிலிருந்து தொடங்கலாம் என்று பார்ப்போம்.

கிராஃபிக் நாவல்னா என்ன?

கட்டம் கட்டமாகப் படங்கள், பேச்சுக்குக் குமிழ்கள் என்று வடிவத்தில் காமிக்ஸும் கிராஃபிக் நாவலும் ஒன்றுதான். வாராவாரம் தொடரும் சாகசமாக இல்லாமல், ஒரு நாவலைப் போல முழுமையான கதையைச் சொல்லும் புத்தகத்தை கிராஃபிக் நாவல் என்கிறார்கள். 1960-களிலேயே இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1978-ல் வில் ஐஸ்னரின் 'எ கான்ட்ராக்ட் வித் காட்' வந்த பிறகு பரவலானது. முதலில் இதழ்களில் தொடராக வந்து, பிறகு ஒரே புத்தகமாகத் தொகுக்கப்பட்டவையும் இதில் சேரும். கீழே சொல்லியிருப்பவற்றில் சில அந்த ரகம்தான்.

முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்த வீடுகளுக்கு இந்தக் கட்டங்கள் புதிதில்லை. ஆனாலும், ஒரு விஷயத்தைக் கவனித்துப் பாருங்கள். முதல் கட்டத்தில் ஒரு பெண்ணின் செல்போன் ஒலிக்கிறது. அடுத்த கட்டத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, பக்கத்தில் அந்தப் பெண் இல்லை. போனில் என்ன செய்தி வந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும், உங்களுக்குள் 'பக்'கென்று ஏதோ ஆகிறது. இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்த வெள்ளை இடைவெளியில் நடப்பதை வாசகர்தான் எழுதிக்கொள்கிறார். சினிமாவில் காட்சி தன் வேகத்தில் ஓடிவிடும். இங்கே ஒரு கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதும் உங்கள் கையில்தான்.

இனி, புத்தகங்களுக்கு வருவோம். முதல் மூன்றும் சயின்ஸ் ஃபிக்‌ஷன். அடுத்த மூன்றும் நிஜத்தில் நடந்தவற்றைச் சொல்பவை.

1. எல் எட்டர்நவுட்டா: பயந்தால் சாவு!

மேலே சொன்ன பனிக்கதை இதுதான். ஓஸ்டர்ஹெல்ட் எழுத, பிரான்சிஸ்கோ சொலானோ லோபஸ் வரைய, 1957 முதல் 1959 வரை 'ஓரா செரோ' வார இதழில் வந்தது. கதாநாயகன் ஹுவான் சால்வோ ஒரு சாதாரணக் குடும்பஸ்தன். சூப்பர் பவர் எல்லாம் கிடையாது. பனி உடம்பில் படாமல் இருக்க, வீட்டில் கிடைத்ததை வைத்து ஓர் உடையைத் தயார்செய்து, முகமூடி மாட்டிக்கொண்டு வெளியே போகிறான். வேற்றுக்கிரகப் படையெடுப்பு என்றாலே நியூயார்க்கையும் லண்டனையும் பார்த்துப் பழகியவர்களுக்கு, ரிவர் பிளேட் கால்பந்து மைதானத்தில் நடக்கும் சண்டை புது அனுபவம்.

இந்தக் கதையின் உச்சம், 'கைகள்' என்று அழைக்கப்படும் வேற்றுக்கிரகவாசிகள். விரல்கள் நிறைந்த கைகளால் படையை இயக்குபவர்கள் இவர்கள். ஆனால், இவர்களும் அடிமைகள்தான். இவர்கள் உடலுக்குள் ஒரு சுரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. பயம் வந்தால் அது விஷத்தைக் கக்கும், உடனே மரணம். எதிர்த்து நிற்க நினைத்தாலே பயம் வருமே, அப்புறம் எப்படி எதிர்ப்பது? இவர்களை ஆட்டிவைக்கும் 'அவர்கள்' யார் என்று கடைசிவரை முகம் காட்டப்படுவதில்லை.

1969-ல் ஓவியர் ஆல்பர்ட்டோ பிரெச்சியாவோடு சேர்ந்து ஓஸ்டர்ஹெல்ட் இதே கதையைத் திரும்பவும் எழுதினார். இந்த முறை வல்லரசுகள் தென் அமெரிக்காவையே படையெடுப்பாளர்களிடம் தாரைவார்த்துவிடுகின்றன. வெளியிட்ட இதழ், தொடரைப் பாதியிலேயே அவசரமாக முடித்துக்கொண்டது. பின்னாளில் அவர் மோன்டனேரோஸ் என்ற ஆயுத இயக்கத்தில் சேர்ந்து தலைமறைவானார். அதன் பிறகுதான் 1977 கைது. அவருடைய நான்கு மகள்களையும் அதே ராணுவ ஆட்சி பலிகொண்டது. அவர்களில் இருவர் அப்போது கர்ப்பமாக இருந்தார்கள்.

2025-ல் ரிக்கார்டோ டாரின் நடிப்பில் நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்த பிறகு, இந்தக் கதை உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. தொடரைப் பார்த்தவர்களும் புத்தகத்தைத் தவறவிட வேண்டாம். தொடர் இன்றைய காலத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. 1950-களின் பியூனஸ் அயர்ஸ் புத்தகத்தில்தான் இருக்கிறது.

2. வாட்ச்மென்: சூப்பர் ஹீரோக்கள் நிஜமாகவே இருந்தால்?

ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்தது. 1986-87-ல் 12 இதழ்களாக வெளிவந்தது. கதை நடப்பது 1985-ல். ஆனால், நாம் அறிந்த 1985 இல்லை. இந்த அமெரிக்காவில் நிக்சன் இன்னும் அதிபராக இருக்கிறார். முகமூடி ஹீரோக்களுக்குச் சட்டம் தடை போட்டிருக்கிறது. அணு ஆயுதப் போர் எந்த நேரமும் வெடிக்கலாம். அப்போது முன்னாள் ஹீரோ ஒருவர் கொல்லப்படுகிறார்.

இதன் 4-வது அத்தியாயத்தை மட்டுமாவது படித்துப் பாருங்கள். டாக்டர் மன்ஹாட்டன் என்ற பாத்திரத்துக்குக் காலம் வரிசையாக ஓடாது. நேற்று, இன்று, நாளை எல்லாமே அவருக்கு ஒரே நேரத்தில் நடக்கும். இதை எழுத்திலோ சினிமாவிலோ சொல்வது சிரமம். படக்கதையில்? ஒரே பக்கத்தில் அவருடைய இளமையும், விபத்தும், செவ்வாய் கிரகத்தில் அவர் தனியாக நிற்பதும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கின்றன. பக்கத்தைத் திருப்பியவுடன் நம் கண்ணுக்கும் எல்லாக் காலமும் ஒன்றாகத்தானே தெரிகிறது! சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கும் இந்த வடிவத்துக்கும் ஏன் இவ்வளவு பொருத்தம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

1988-ல் ஹியூகோ விருது பெற்றது. ஆங்கிலத்தின் சிறந்த 100 நாவல்கள் என்று 'டைம்' இதழ் 2005-ல் போட்ட பட்டியலிலும் இடம்பிடித்தது. ஓர் எச்சரிக்கை: வன்முறையும் பாலியல் வன்கொடுமைக் காட்சியும் உண்டு. இது பெரியவர்களுக்கான புத்தகம்.

3. அகிரா: நகரம் நொறுங்கும் சத்தம்

ஜப்பானின் கட்சுஹிரோ ஓட்டோமோ 1982 முதல் 1990 வரை வரைந்த மாங்கா. 6 தொகுதிகள், 2,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள். முதல் சில பக்கங்களிலேயே டோக்கியோ அழிந்துபோகிறது. பிறகு 2019. 'நியோ டோக்கியோ'வில் பைக் கும்பலாகத் திரியும் கனேடா, டெட்சுவோ என்ற இரண்டு பையன்கள். அரசின் ரகசிய ஆராய்ச்சியில் சிக்கி, டெட்சுவோவுக்குக் கட்டுக்கடங்காத மனோசக்தி வந்துவிடுகிறது. தாழ்வு மனப்பான்மையில் வெந்துகொண்டிருக்கும் ஒரு பையன் கையில் அப்படி ஒரு சக்தி கிடைத்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை.

இந்தக் கதையில் நகரம் 2020 ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். நிஜத்திலும் 2020 ஒலிம்பிக் டோக்கியோவுக்குத்தான் போனது என்பதால், ரசிகர்கள் இதைத் தீர்க்கதரிசனம் என்று கொண்டாடினார்கள். அதெல்லாம் தற்செயல்தான். இதன் நிஜமான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அணுகுண்டைப் பார்த்த ஒரு நாட்டில், போருக்குப் பின் பிறந்த ஓர் ஓவியர், கட்டடங்கள் சரிவதைப் பக்கம் பக்கமாக, ஒரு வசனம்கூட இல்லாமல் வரைந்திருக்கிறார். அந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிடாதீர்கள்.

1988-ல் ஓட்டோமோவே இயக்கிய அனிமேஷன் படம் மிகப் பிரபலம். ஆனால், படம் வந்தபோது மாங்காவே முடிந்திருக்கவில்லை. படத்தில் பார்த்ததைவிடக் கதை ரொம்பப் பெரியது.

4. மவுஸ்: எலிகளாக வரையப்பட்ட மனிதர்கள்

எதிர்காலத்தைக் கற்பனை செய்வதற்கு ஏற்ற வடிவம் சரி, நடந்து முடிந்த கொடூரத்தையும் இதில் சொல்ல முடியுமா? ஆர்ட் ஸ்பீகல்மேன் சொல்லிக்காட்டினார். அவருடைய அப்பா விளாடெக், போலந்து நாட்டு யூதர். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இருந்து உயிரோடு திரும்பியவர். அவரைப் பேசவைத்து, டேப்பில் பதிவுசெய்து, மகன் அதைப் படக்கதையாக்கினார். யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள். யூதர்களைக் கிருமி போலவும் எலி போலவும் சித்திரித்த நாஜிப் பிரசாரத்தையே எடுத்துத் திருப்பி அடித்த உத்தி அது.

ஆனால், அப்பாவை ஒரு தியாகியாகக் காட்டவில்லை என்பதுதான் இந்தப் புத்தகத்தின் நேர்மை. மாத்திரைகளை எண்ணி எண்ணி அடுக்குகிறார். தெருவில் கிடக்கும் ஒயரைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்கிறார். கஞ்சத்தனத்தால் எல்லோரையும் படுத்தி எடுக்கிறார். 'வதைமுகாம் அவரை இப்படி ஆக்கியதா, இல்லை அவரே இப்படித்தானா?' என்ற கேள்விக்கு மகனிடமும் பதில் இல்லை.

1992-ல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் கிராஃபிக் நாவல் இதுதான். 30 ஆண்டுகள் கழித்து, 2022-ல், அமெரிக்காவின் டென்னசி மாகாணத்தில் ஒரு மாவட்டப் பள்ளி வாரியம் இதை 8-ம் வகுப்புப் பாடத்தில் இருந்து ஒருமனதாக நீக்கியது. கெட்ட வார்த்தைகள், ஒரு நிர்வாணப் படம் ஆகியவற்றைக் காரணமாகச் சொன்னார்கள். விளைவு? புத்தக விற்பனை எகிறியது.

5. பெர்சபோலிஸ்: கோட்டுக்குள் தைக்கப்பட்ட போஸ்டர்

மர்ஜானே சத்ரபியின் சொந்தக் கதை. 1979 ஈரான் புரட்சி நடந்தபோது அவருக்கு 10 வயது. அடுத்த ஆண்டு பள்ளியில் முக்காடு கட்டாயமாகிறது. விஷயம் புரியாத சிறுமிகள் அதை வைத்து விளையாடுகிறார்கள். கதை அங்கேதான் தொடங்குகிறது. பிறகு ஈராக்குடன் போர், சிறைக்குப் போகும் உறவினர்கள், 14 வயதில் தனியாக வியன்னாவுக்குப் பயணம்.

இதெல்லாம் கேட்க சோகமாக இருக்கிறதா? படிக்கும்போது பல இடங்களில் சிரிப்பு வரும். துருக்கிக்குப் போன அம்மாவும் அப்பாவும் மகள் கேட்ட ராக் இசை போஸ்டரை, அப்பாவின் கோட்டுக்குள் வைத்துத் தைத்துக் கடத்தி வருகிற காட்சி ஒன்று போதும். தடை, தணிக்கை என்றெல்லாம் செய்தியில் படிப்பது ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்று புரிந்துவிடும்.

2013-ல் சிகாகோ பொதுப் பள்ளிகளின் நிர்வாகம் இந்தப் புத்தகத்தை அகற்றச் சொன்னபோது, மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். '7-ம் வகுப்புக்கு மட்டும்தான்' என்று நிர்வாகம் விளக்கம் கொடுக்க வேண்டிவந்தது.

6. வன்னி: கேமரா போக முடியாத இடம்

கடைசியாக, நமக்கு மிக நெருக்கமான ஒன்று. பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே போலக் வரைய, 2019-ல் வெளியானது. டிக்ஸ், ஐ.நா. பணியாளராகக் கிளிநொச்சியில் இருந்தவர். 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் அங்கிருந்து வெளியேறியபோது, 'எங்களை விட்டுப் போகாதீர்கள்' என்று மக்கள் வாசலில் நின்று மன்றாடினார்கள். அதற்குப் பிறகு அங்கே நடந்தவற்றைச் சொல்ல வெளியார் சாட்சிகள் ரொம்பக் குறைவு.

2004 சுனாமியில் தொடங்கி, 2009 முள்ளிவாய்க்காலைக் கடந்து செல்கிறது ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. குடும்பம் கற்பனை. ஆனால், அவர்களுக்கு நடப்பவை, தப்பி வந்தவர்களிடம் கேட்டுப் பெற்ற வாக்குமூலங்களின் அடிப்படையில் எழுதப்பட்டவை. இங்கேதான் ஓவியத்தின் இன்னொரு பயன் தெரிகிறது. வீடியோவில் பேசினால் சாட்சியின் முகம் தெரிந்துவிடும், ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கு ஆபத்து வரலாம். வரைந்த முகத்துக்கு அந்தப் பயம் இல்லை. பதுங்குகுழியில் ஒண்டியிருக்கும் பிள்ளைகளை வரைய, அங்கே ஒரு கேமரா இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

போனில் படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால், சில செயலிகள் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும். அப்படிப் படித்தால் முழுப் பக்கத்தின் வடிவமைப்பு காணாமல்போய்விடும். 'வாட்ச்மென்', 'அகிரா' இரண்டையும் டேப்லெட்டிலோ அச்சுப் புத்தகத்திலோ படிப்பது நல்லது. கறுப்பு வெள்ளையில், எளிய கோடுகளில் வரையப்பட்ட 'பெர்சபோலிஸ்' போனிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

மாங்கா வாங்கும்போது ஒரு விஷயம். ஜப்பானிய மூலத்தை வலமிருந்து இடமாகத்தான் படிக்க வேண்டும். 'அகிரா'வின் ஆங்கிலப் பதிப்புகளில் படங்களைத் திருப்பிப் போட்டு, இடமிருந்து வலமாக மாற்றியவையும் உண்டு. எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள். விலை கொஞ்சம் கையைக் கடிக்கும். நாலு நண்பர்கள் ஆளுக்கு ஒன்றாக வாங்கிச் சுற்றில் விட்டால் சமாளித்துவிடலாம்.

சரி, எதை முதலில் எடுப்பது?

இதுதான் முதல் கிராஃபிக் நாவலா? கண்ணை மூடிக்கொண்டு 'பெர்சபோலிஸ்' எடுங்கள், ஆங்கிலமும் சுலபம். வரலாறு பிடிக்கும் என்றால் 'மவுஸ்'. மார்வெல், டிசி படங்கள் சலித்துப்போனவர்களுக்கு 'வாட்ச்மென்'. அனிமே ரசிகர்களுக்கு 'அகிரா'. 'வன்னி'யை மட்டும் மனசு கொஞ்சம் திடமாக இருக்கும் நாளில் எடுங்கள்.

'எல் எட்டர்நவுட்டா'வின் முதல் அத்தியாயம் வெளியான செப்டம்பர் 4-ஐ, அர்ஜென்டினாவில் படக்கதை தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஓஸ்டர்ஹெல்ட்டின் மகள்கள் சிறைப்பட்டிருந்த காலத்தில் பிறந்திருக்கக் கூடிய பேரப்பிள்ளைகளைத் தேடும் வேலையும் அங்கே முடிந்தபாடில்லை. கதையில் ஹுவான் சால்வோ, பிரிந்துபோன மனைவியையும் மகளையும் தேடிக் காலங்களைக் கடந்து அலைந்துகொண்டே இருப்பான். எழுதியவரின் குடும்பம் அதே தேடலில் இன்னும் இருக்கிறது.