ஆண்டிறுதிப் பண்டிகைகளும் நமது பிறைக் கணக்கும்

டிசம்பர் பிறந்தால் இலங்கையில் பல நாட்காட்டிகள் ஒரே தெருவில் சந்திக்கின்றன. பௌத்தருக்கு உந்துவப் போயா, இந்துக்களுக்குத் திருவெம்பாவை, கிறிஸ்தவர்களுக்கு நத்தார். முஸ்லிம்களாகிய நமக்கு மட்டும் ஆண்டிறுதிக்கென்று நிலையான பெருநாள் கிடையாது. காரணம் கணக்கில் இருக்கிறது.

போயாவும் பிறையும் ஒரே நிலவைப் பார்த்தே கணிக்கப்படுகின்றன. ஆனால் சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. பௌத்த, இந்து முறைகள் சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை மேலதிக மாதமொன்றைச் சேர்த்து அந்தக் குறையை நிரப்பிவிடும். அதனால்தான் உந்துவப் பெரும்பாலும் டிசம்பரை விட்டு நகர்வதில்லை. மாதங்கள் பன்னிரண்டே என்றும், அவற்றை முன்பின் தள்ளுவது கூடாதென்றும் சூறா தவ்பா கூறுவதால் நாம் அப்படிச் சேர்ப்பதில்லை. ஆகவே நமது பெருநாட்கள் சுமார் 33 வருடத்தில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றன.

அயலவர் கொண்டாடுவது என்ன? அசோகரின் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையை இலங்கைக்குக் கொண்டுவந்ததை உந்துவப் நினைவுகூர்கிறது. இங்கு பிக்குணிகள் சங்கம் தொடங்கியதும் அவரோடுதான். திருவெம்பாவை மார்கழியில் பத்து நாட்கள். விடியுமுன்னே தமிழ்க் கிராமங்களில் சங்கும் சேமக்கலமும் கேட்கும். திருவாதிரையன்று நிறைவுறும். ‘நத்தார்’ என்பது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல்; அவர்கள் மொழியில் ‘நத்தால்’ என்றால் பிறப்பு விழா. ஈஸா நபியின் பிறப்பை சூறா மர்யமில் ஓதுகிறவர்கள் நாம். அவரை இறைமகனாக ஏற்பதில்லை என்பது நமது வேறுபாடு.

சில வருடங்களில் நமது நாட்களும் இந்த வரிசையில் வந்து சேர்வதுண்டு. 2000ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் நத்தார் முடிந்த கையோடு வந்தது. 2015 டிசம்பர் 24 மீலாத் தினமும் உந்துவப் போயாவும் ஒன்றாக வந்த விடுமுறை, மறுநாள் நத்தார். இன்பம் மட்டும்தான் இப்படிச் சேர்ந்து வந்தது என்றில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி உந்துவப் போயா. நத்தாருக்கு அடுத்த காலை. அன்றுதான் கடல் பொங்கியது. மருதமுனையிலும் சாய்ந்தமருதுவிலும் எங்கட ஜனாஸாக்கள். பக்கத்து ஊர்களில் அவர்களுடைய பிரேதங்கள். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், விகாரை என்று எங்கெங்கு கூரை இருந்ததோ அங்கெல்லாம் சனம் ஒதுங்கியது.

அந்த நெருக்கத்தை 2019 ஏப்ரல் 21 குலைத்துப் போட்டது. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தபின் வந்த நத்தார் ஆராதனைகள் படைக் காவலோடு நடந்தன. முஸ்லிம் பெயர் தாங்கியோர் செய்த அந்தக் கொடுமையின் பாரம் அயலவர் பார்வையில் நம்மீதும் விழுந்தது. அதன் பிறகுதான் வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி கூடியிருக்கிறது: “சேர், நத்தாருக்கு வாழ்த்துச் சொன்னாக் குத்தமா?”

இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீர்ப்பு அவர்களுடையது. பிற சமய வணக்கத்தில் பங்கெடுப்பது கூடாது என்பதில் தடுமாற்றமில்லை. ஆனால் நம்மோடு போர் புரியாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதியோடு நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்கிறது சூறா மும்தஹினா. அண்மையில் உள்ள அயலவர், தூரத்து அயலவர் இருவரையும் சூறா நிஸா சேர்த்தே சொல்கிறது. சுகம் விசாரிப்பது, நோயாளியைப் பார்ப்பது, வெள்ளம் வந்தால் ஓடிப்போவது, நம் பெருநாள் சாப்பாட்டில் ஒரு பங்கு அனுப்புவது இவற்றுக்கெல்லாம் யாரும் தடை சொன்னதில்லை. அயலவர் எதற்காக விளக்கேற்றுகிறார் என்று தெரிந்துகொள்வதற்கும் தடை இல்லை. நமது பிள்ளைகள் பலருக்கு அது தெரியாது. போயா என்றால் இறைச்சிக்கடை மூடும் நாள் என்பதோடு சரி.

2030இல் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் கடைசியில் மற்றொன்றுமாக இரண்டு றமழான்கள் தொடங்கும். 2033இல் நோன்புப் பெருநாள் மறுபடியும் நத்தாரை ஒட்டி வரும். இப்போது ஆறாம் ஆண்டில் படிப்பவர்கள் அன்று வீட்டுக்குப் பொறுப்பேற்கும் வயதை நெருங்கியிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்குச் சஹன் அனுப்புவதா, கதவைப் பூட்டிக்கொள்வதா என்று தீர்மானிக்கப் போவது அவர்கள்தான். அதற்கு வேண்டிய அறிவை இன்றே வகுப்பிலும் வீட்டிலும் கொடுத்து வைப்பது நமது கடமை.