நிலவில் ஓடிய ஃபோர் வீல் டிரைவ்

1971 ஜூலை 31 அன்று டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் நிலவில் ஒரு வண்டியை ஓட்டிப் போனார்கள். அப்பல்லோ 15 சுமந்துபோன அந்த வண்டியின் எடை பூமியில் 210 கிலோ. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி மின்மோட்டார்; ஒவ்வொன்றும் கால் குதிரைத்திறன்தான். முதல் நாள் முன்சக்கரங்கள் திரும்ப மறுத்தன. பின்சக்கரங்களுக்கும் தனி ஸ்டியரிங் இருந்ததால் பயணம் நிற்கவில்லை. மின்சார வண்டி காடுமேடெல்லாம் தாங்குமா என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

பெட்ரோலும் டீசலும் எரியக் காற்று வேண்டும். அதனால் ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டால் கதை முடிந்தது. மின்மோட்டார் மூச்சு விடுவதில்லை. மெர்சிடிஸ் 2024-இல் கொண்டுவந்த மின்சார ஜி 580, 850 மி.மீ. ஆழத் தண்ணீரில் இறங்கும். அதே குடும்பத்து எஞ்சின் வண்டிக்கு 700 மி.மீ. தான் எல்லை.

ஆனால் உண்மையான வித்தை சக்கரத்தில் இருக்கிறது. சாதாரண வண்டியில் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தையே வீணாகச் சுழற்றும். பிடிப்புள்ள சக்கரம் சும்மா நிற்கும். இதைத் தடுக்கத்தான் டிஃபரன்ஷியல் லாக். ஜி 580-இல் சக்கரத்துக்கு ஒரு மோட்டார். எது வழுக்குகிறது என்று கணினி நொடிக்குள் கண்டுபிடித்து, அதன் விசையைக் குறைத்து, பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூட்டுகிறது. டீசல் எஞ்சின் ஒரு குறைந்தபட்ச வேகத்தில் சுற்றாவிட்டால் அணைந்துவிடும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலேயே முழு முறுக்கு விசையையும் தரும். கிளட்ச் எரியாமல், பாறைமேல் அங்குலம் அங்குலமாக ஏறலாம். இறக்கத்தில் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்தும். பேட்டரியும் கொஞ்சம் நிறையும்.

குறை எங்கே? எடையிலும் எரிபொருளிலும். ஜி 580 மூன்று டன்னைத் தாண்டும். இளகிய மணலில் அந்தப் பாரம் புதையும். அதன் பேட்டரியில் 116 யூனிட் மின்சாரம் இருக்கிறது. ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 10 யூனிட். எஞ்சின் மூன்றில் இரண்டு பங்கை வெப்பமாக இழக்கிறது என்று கழித்தாலும், அந்தப் பேட்டரி சுமார் 35 லிட்டர் டீசலுக்குத்தான் சமம். மணல் இந்த ஆற்றலை வேகமாகத் தின்னும். டீசலை கேனில் எடுத்துப் போகலாம். மின்சாரத்தை அப்படிக் கொண்டுபோக முடியாது.

ஆகவே பாறை, ஆறு, மலை ஏற்றம் என்றால் நான் மின்சார வண்டியையே தேர்ந்தெடுப்பேன். நாள்கணக்கில் மனித வாடையே இல்லாத பாலைவனம் என்றால் இன்றைக்கு டீசல்தான்.

நிலவுக்குப் போனவர்களும் இந்தக் கணக்கைப் போட்டார்கள். வண்டி பழுதானால் நடந்தே திரும்பும் தூரத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அப்பல்லோ 17 வண்டி மொத்தம் 35 கி.மீ.க்கு மேல் ஓடியது. ஆனால் இறங்கிய கலத்திலிருந்து 8 கி.மீ. தொலைவுக்குக்கூட அது விலகிப் போகவில்லை.