பேட்டரியை மாற்றுமுன் இணைப்புகளை அளந்து பாருங்கள்

பழைய மோட்டார் சைக்கிளில் ஹாரன் முனகினாலோ ஹெட்லைட் மங்கினாலோ பழி முதலில் பேட்டரி மேல்தான் விழுகிறது. புது பேட்டரி போட்டதும் எல்லாம் சரியானதுபோலத் தோன்றும். சில வாரங்களில் அதே முனகல் திரும்பும். அடுத்து ரெகுலேட்டர், பிறகு மேக்னெட் காயில், கடைசியில் வயரிங் முழுவதும் என்று செலவு நீளும். 20, 30 ஆண்டு ஓடிய வண்டிக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். அங்கே முதலில் சோதிக்க வேண்டியவை களிம்பேறிய டெர்மினல், தளர்ந்த கப்ளர், பெயின்ட்டுக்கும் துருவுக்கும் மேல் முடுக்கப்பட்ட எர்த் போன்ற இணைப்புகளே.

காரணம் ஓம் விதியிலேயே இருக்கிறது. 12 வோல்ட் வண்டியில் 35 வாட் ஹெட்லைட் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். வழியில் ஒரு டெர்மினலில் 0.4 ஓம் தடை இருந்தால் ஏறக்குறைய 1 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். டங்ஸ்டன் பல்பின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும். அழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஒளி சுமார் 30 சதவீதம் போய்விடும். தொலைந்த மின்சாரம் அந்த இணைப்பில் சூடாக மாறுகிறது, சூடு களிம்பை வளர்க்கிறது, களிம்பு தடையைக் கூட்டுகிறது. சார்ஜ் ஆகும் பாதையிலும் இதே கதைதான். ரெகுலேட்டர் 14.2 வோல்ட் கொடுத்தாலும், விளக்கு எரிய வண்டி ஓடும்போது வழியில் 1 வோல்ட் போனால் பேட்டரிக்குக் கிடைப்பது 13.2 வோல்ட். ஓட்டம் முழுவதும் அது அரை வயிற்றோடுதான் இருக்கும். அப்படியே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகி, நல்ல பேட்டரியும் செத்துப்போகும். புது பேட்டரி சில வாரம் உழைப்பது கடையிலேயே ஏற்றிவந்த சார்ஜின் தயவால். கோளாறு தீர்ந்ததற்கு அது சாட்சியாகாது.

6 வோல்ட் வண்டிகளில் நிலைமை இன்னும் கடுமை. 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் தயாரித்த பழைய புல்லட்டுகள் பல 6 வோல்ட்டில் ஓடியவை. அதே வாட் விளக்குக்கு அங்கே இரண்டு மடங்கு ஆம்பியர் வேண்டும். அதனால் அதே தடையில் இரண்டு மடங்கு வோல்ட் தொலையும். மொத்த அழுத்தமே பாதி என்பதால் இழப்பின் பங்கு நான்கு மடங்கை நெருங்கும். அந்த வண்டிகளின் விளக்கு மங்கல் என்ற பேச்சில் ஒரு பகுதிக்காவது எர்த் டெர்மினல்தான் பதில் சொல்ல வேண்டும்.

“ஒயரை மீட்டரில் வைத்துப் பார்த்தேன், பீப் சத்தம் வந்தது; ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது” என்பது வழக்கமான மறுப்பு. மீட்டர் அந்தச் சோதனையில் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். உள்ளே மற்ற எல்லா இழையும் அறுந்து ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் அது தடையின்றிப் போய்விடும். 5 ஆம்பியர் போகும்போது அந்த ஓர் இழை தாங்குமா என்பதை பீப் சத்தம் சொல்லாது. ஆகவே சுமை ஓடும்போதே அளக்க வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டு எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை ரெகுலேட்டரின் பாசிட்டிவ் ஒயரிலும் மறுமுனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட் அளவுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் திருடன் அந்தப் பாதையில்தான் இருக்கிறான். ஃப்யூஸ், கப்ளர் என்று பாதையைப் பாதியாகப் பிரித்து அளந்துகொண்டே போனால் இடம் தெரிந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவுக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவிலும், பேட்டரியின் நெகட்டிவுக்கும் ரெகுலேட்டர் உடலுக்கும் நடுவிலும் இதே அளவை எடுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கம் மட்டும் வேண்டாம். அப்போது எகிறும் மின்னழுத்தம் ரெகுலேட்டரையும் பல்புகளையும் சேர்த்தே எரித்துவிடக்கூடும்.

ரெகுலேட்டரும் காயிலும் நிஜமாகவே கெடுவதில்லையா என்றால், கெடும். அதையும் அளவுதான் சொல்ல வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டும். எஞ்சின் வேகமாக ஓடும்போது அதே முனைகளில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் மேல் சந்தேகம் நியாயம். மூன்று ஒயர் காயிலில் கப்ளரைக் கழற்றி, இரண்டிரண்டாக ஏசி வோல்ட் அளந்தால் மூன்று அளவும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் காயில் போயிருக்கிறது. சாவியை அணைத்த பிறகும் மின்சாரம் கசிகிறதா என்றும் பார்க்கலாம். 50 மில்லியாம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 5 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டே நாளில் பாதியாகிவிடும்.

இவ்வளவு வேலை எதற்கு, எலக்ட்ரிக்கல் கிட்டையே மாற்றிவிடலாமே என்பார்கள். சில நூறு ரூபாய் மீட்டரும் உப்புத்தாளும் அரை மணி நேரமும்தான் இதற்குச் செலவு. பழைய மாடல்களுக்கு ஒரிஜினல் உதிரிபாகம் கிடைப்பதே அரிது. கெடாத ஒரிஜினல் காயிலைக் கழற்றி எறிந்துவிட்டு மட்டமான மாற்றைப் பொருத்தினால், வண்டிக்கு இல்லாத நோயை நாமே கொண்டுவருகிறோம். எந்தப் பாகம் கெட்டது என்று மீட்டர் எண்ணால் காட்டிய பிறகே பணத்தை எடுங்கள். அதுவரை டெர்மினலைச் சுரண்டி, எர்த்தைப் பளபளக்கும் இரும்பில் முடுக்கி, மறுபடியும் அளந்து பாருங்கள்.