இரைச்சலுக்குள் ஓர் அழுகுரல்

ஆடி மாதச் சனிக்கிழமைகளில் குச்சனூர் ஊரே ஒலிமயமாகிவிடும். சனீஸ்வரன் கோயிலுக்கு வருவோரின் வாகனங்களும், கொட்டுமேளமும், ஒலிபெருக்கிகளும் சுரபி நதிக்கரையை அதிரச் செய்யும். அத்தகைய ஒரு சனிக்கிழமை மாலையில் அவ்வூரிலுள்ள நம் பங்குக் குடும்பம் ஒன்றைச் சந்திக்கச் சென்றேன். தெருவில் அத்தனை ஆரவாரம். வீட்டினுள்ளோ பேச்சற்ற அமைதி. தந்தை திண்ணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அமர்ந்திருந்தார். பாலிடெக்னிக்கில் பயிலும் மகன் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். தாய் மட்டுமே என்னை வரவேற்றார்.

“சாமி, எந்நேரமும் இவன் காதுல ஏதோ பேய்ப்பாட்டு. சோறு தண்ணி இல்ல, செபமாலைக்கும் உக்கார்றதில்ல. நேத்து அவங்கப்பா அந்தக் காதுல மாட்டுறதைப் பிடுங்கி வாசல்ல எறிஞ்சிட்டாரு. நீங்கதான் இவன் தலையில கைவச்சுச் செபிக்கணும்” என்றார்.

கதவைத் தட்டினேன். மகன் வந்து நின்றான். “என்ன தம்பி, அப்படி என்ன பாட்டு அது?” என்று வினவினேன். அவன் பணிவாகவே திருப்பிக் கேட்டான்: “ஃபாதர், நீங்க அதைக் கேட்டிருக்கீங்களா?”

நான் கேட்டிருக்கவில்லை. கேட்காமலேயே தீர்ப்புச் சொல்ல ஆயத்தமாகத்தான் வந்திருந்தேன். அவனுடைய கேள்வி என் பழைய தவறொன்றை நினைவூட்டியது.

குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். மேனாட்டு ராக் இசையெல்லாம் அலகையின் சூழ்ச்சி, அப்பாடல்களைப் பின்னோக்கிச் சுழற்றினால் தீய கட்டளைகள் ஒலிக்கும் என்று கூறும் துண்டுப்பிரசுரம் ஒன்று எனக்குக் கிடைத்தது. அதை ஆராயாமல் பிரசங்கத்தில் முழங்கினேன். பாடகர் குழுவில் கிட்டார் வாசித்த ஓர் இளைஞன் அப்படிப்பட்ட பாடல்களையும் வாசிப்பவன் என்பது ஊருக்கே தெரியும். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நானும் தேடிச் செல்லவில்லை. பின்னோக்கிச் சுழற்றும் குற்றச்சாட்டுப் பற்றி 1990-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஒரு வழக்கு நடந்து, அதில் பாடற்குழு பொறுப்பல்ல என்று தீர்ப்பானதை வெகுகாலம் கழித்தே அறிந்தேன்.

எனவே இம்முறை, “தம்பி, ஒரு வாரம் தவணை கொடு. நான் கேட்டுவிட்டு வருகிறேன்” என்று கூறி, பாடல்களின் பெயர்களை எழுதி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அவன் எழுதித் தந்தது ‘பிளடிவுட்’ என்னும் புதுதில்லிக் குழுவின் இரண்டாம் இசைத்தொகுப்பு. ‘நூ டெல்லி’ என்பது அதன் பெயர்; 2025-ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று வெளியானது. பாடல்கள் எட்டு. இவ்வகை இசைக்கு ‘ஹெவி மெட்டல்’ என்று பெயர். கனத்த உலோகம் என்று பொருள். பெயருக்கேற்ப மின்கிட்டார்கள் உறுமுகின்றன, முரசுகள் இடிக்கின்றன, பாடகர் தொண்டை கிழியக் கூவுகிறார். முதல் நாள் இரண்டு பாடல்களோடு நிறுத்திவிட்டேன் என்பதை மறைப்பானேன்!

இந்த இசை எங்கே பிறந்தது என்று தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் ஆஸ்டன் பகுதி ஆலைத் தொழிலாளர் வாழும் இடம். அங்கே 1968-ஆம் ஆண்டில் நான்கு ஏழை இளைஞர்கள் ஒன்று சேர்ந்தனர். அவர்களுள் டோனி அயோமி என்பவர் பதினேழு வயதில் தகட்டுத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலக்கையின் இருவிரல் நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குக் கிட்டாரின் தந்திகளை அழுத்த வேண்டிய விரல்கள் அவையே. அவர் சோர்ந்துவிடவில்லை. நெகிழிப் புட்டியை உருக்கி விரலுறைகள் செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டி, பின்னாளில் அவற்றைத் தளர்த்தியும் வாசித்தார். அந்தத் தளர்ச்சியிலிருந்து எழுந்த கனத்த நாதமே இவ்விசையின் அடையாளமாயிற்று. அக்குழுவின் பாடல் வரிகளில் பெரும்பகுதியை எழுதிய கீசர் பட்லரோ அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர்.

‘பிளாக் சபாத்’ என்னும் அச்சமூட்டும் பெயர் பூண்ட அக்குழுவின் இரண்டாம் தொகுப்பு ‘பாரனாய்ட்’ 1970-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. அதன் முதற்பாடல், ஏழைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தாம் ஒளிந்துகொள்ளும் அதிகாரிகளைச் சாடுவது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. மற்றொரு பாடல் போதை ஊசியின் முடிவு சாவே என்று எச்சரிப்பது. அக்குழுவினரின் வாழ்வோ அந்த எச்சரிக்கைக்கு ஏற்றதாக இருக்கவில்லை. அவர்களே குடியிலும் போதையிலும் தத்தளித்தனர். அதன் பாடகர் ஓசி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 22 அன்று மறைந்தார். அதற்குச் சில நாட்கள் முன்பு நடந்த விடைபெறு நிகழ்ச்சியின் வருவாய், நோயுற்ற குழந்தைகளுக்கான நிறுவனங்கள் உள்ளிட்ட அறப்பணிகளுக்கென அறிவிக்கப்பட்டிருந்தது. களையும் பயிரும் ஒரே வயலில் வளர்வது நற்செய்தி காட்டும் உண்மையன்றோ!

இனி நம் நாட்டுக் குழுவைக் காண்போம். ஜெயந்த் பதூலா, கரண் கட்டியார் என்னும் இருவர் 2016-ஆம் ஆண்டில் தொடங்கியது இது. கட்டியார் வழக்கறிஞர் பணியை விட்டு வந்தவர். கிட்டாரோடு புல்லாங்குழலும் வாசிப்பவர். ரவுல் கெர் என்பவர் பின்னர் இணைந்தார். வடநாட்டு டோல் முரசையும் புல்லாங்குழலையும் மின்கிட்டாரோடு கலப்பது இவர்கள் வழக்கம். இரண்டாயிரம் பேரளவில் வாழும் ஜெர்மானியச் சிற்றூர் வாக்கன். அதன் வயல்வெளியில் ஆண்டுதோறும் நடைபெறும் மாபெரும் இசைவிழாவில் 2019-இல் இவர்கள் பாடினர். முதல் தொகுப்பு ‘ரக்ஷக்’, அதாவது காவலன், 2022-இல் வந்தது. பெண்கள்மீது நிகழும் வன்கொடுமை, பள்ளிகளில் எளியோரைத் துன்புறுத்தும் கொடுமை, மதத்தின் பேரால் மக்களைப் பிரிக்கும் அரசியல் ஆகியவற்றை அப்பாடல்கள் எதிர்க்கின்றன. ‘ஜீ வீரே’ என்னும் பாடல் மனச்சோர்வில் அமிழ்ந்தவனை நோக்கி, வாழ்ந்திடு என்று அழைப்பது.

முதல் தொகுப்பு ஒரு குழுவுக்குப் பெயர் வாங்கித் தரும்; அந்தப் பெயர் வந்தபின் தான் யாரென்பதை இரண்டாம் தொகுப்பே காட்டும். உலக மேடைகள் கண்டு திரும்பியவர்கள் தங்கள் ஊரின் பெயரையே தொகுப்புக்குச் சூட்டியிருக்கிறார்கள். பாடல்களின் பெயர்களைப் பாருங்கள். ‘ஹல்லா போல்’ என்றால் குரலெழுப்பு. ‘தடக்’ என்றால் துடிப்பு. ‘பேகௌஃப்’ என்றால் அச்சமின்மை. இந்த மூன்றாவதை ‘பேபிமெட்டல்’ என்னும் ஜப்பானியப் பெண்கள் குழுவோடு சேர்ந்து பாடியுள்ளனர். ‘தட்கா’ என்பதற்கு நம் வீட்டுச் சொல் தாளிப்பு! நம் நாட்டு உணவைப் போற்றும் பாடல் அது. இதே பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, மண்ணின் தாளத்தையும் மேனாட்டு இசைக்கருவிகளையும் இணைத்தபோது நாம் மகிழவில்லையா? இவர்கள் வழி வேறெனினும் முயற்சி அத்தகையதே.

ஆயினும் அனைத்தும் நன்று என்று நான் சொல்லவில்லை. இவ்வகை இசையில் கொச்சைச் சொற்கள் உண்டு. சினத்தைச் சினத்துக்காகவே ஊட்டுபவை உண்டு. இறைவனைப் பழிக்கும் குழுக்களும் உண்டு. அனைத்தையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளுமாறு புனித சின்னப்பர் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். சோதிக்காமல் ஏற்பதும் தவறு; சோதிக்காமல் தள்ளுவதும் தவறு. திருப்பலியில் பாடத்தக்கது வேறு, தெருவில் பாடத்தக்கது வேறு என்பதையும் மறக்கலாகாது. செவிக்கும் ஓர் அளவுண்டு. 80 டெசிபல் ஒலியை வாரத்தில் 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரமே என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது.

கூக்குரல் என்பதாலேயே ஒரு பாடல் பேயினுடையதாகிவிடுமா? 88-ஆம் சங்கீதம் விடியலைக் காணாமல் இருளிலேயே முடிகிறது. யோபு தான் பிறந்த நாளைச் சபித்தார். நம் ஆண்டவரும் சிலுவையில் உரத்த குரலெழுப்பினார். தாங்கொணாத வேதனையைக் கூவிச் சொல்வதற்கு வேதாகமமே இடம் தந்திருக்கிறது.

ஒரு வாரம் கழித்துக் குச்சனூருக்கு மீண்டும் சென்றேன். “கேட்டேன் தம்பி. எனக்குப் பிடித்தவை இரண்டு, பிடிக்காதவை ஆறு. உனக்கு எது பிடிக்கும்?” என்றேன். அவன் முகம் மலர்ந்தது. அதிகம் கேட்பது முதல் தொகுப்பிலுள்ள ‘ஜீ வீரே’ என்றான். “ஏன் அது?” என்றேன். வெகுநேரம் பேசாதிருந்தான். பிறகு மெல்லிய குரலில் சொன்னான்: நான்கு பாடங்களில் அரியர்; வீட்டில் சொல்லவில்லை; அப்பா திராட்சைத் தோட்டத்தில் கூலிக்கு மருந்தடித்துக் கட்டிய பணம்; சில இரவுகளில் உயிர் வாழவே பிடிக்கவில்லை; அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டே விடிய வைத்திருக்கிறான்.

அன்பர்களே, நாம் பேய்ப்பாட்டு என்று வாசலில் எறிந்தது, அந்தப் பிள்ளை பற்றியிருந்த கயிறு.

அவன் இசைவு பெற்று, தந்தையையும் தாயையும் அருகில் அழைத்தேன். அவனே மீண்டும் சொன்னான். தந்தை நெடுநேரம் தரையையே பார்த்திருந்தார். பின்பு, “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா” என்றார். அவர் குரல் உடைந்தது. மனநல மருத்துவர் ஒருவரிடம் மகனை அழைத்துச் செல்ல இசைந்தார். பாடலும் செபமும் துணை நிற்கும்; மருத்துவத்துக்கு அவை மாற்று ஆகா. நான் விடைபெறும் முன் அந்தப் பாட்டைத் தாமும் கேட்க விரும்பினார். முகம் சுளித்துக்கொண்டே கேட்டு முடித்து, “கொட்டு மட்டும் நம்ம உறுமி மாதிரி இருக்கு சாமி” என்றார். மகன் சிரித்தான். அந்த வீட்டில் சிரிப்பொலி கேட்டுப் பல நாளாயிற்று என்று தாய் பிறகு சொன்னார்.

அன்றிரவே அந்தப் பழைய கிட்டார் இளைஞனை விசாரித்துத் தொலைபேசியில் அழைத்தேன். இப்போது திருப்பூரில் வேலை, இரு பிள்ளைகளுக்குத் தந்தை. நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் மறந்துட்டேன் சாமி” என்றார். சற்று நேர அமைதிக்குப் பின், “இப்ப நம்ம கோயில்ல கிட்டார் வாசிக்கிறாங்களா?” என்று கேட்டார். மறக்கவில்லை என்பது புரிந்தது.

பெற்றோரே! உங்கள் பிள்ளையின் காதில் ஒலிப்பது என்ன என்பதை இவ்வாரம் ஒருமுறை அமர்ந்து அவனோடு கேளுங்கள். பாட்டு பிடிக்க வேண்டுமென்பதில்லை. பாட்டு முடிந்ததும் அவன் பேசுவான்; அதற்காகவாவது கேளுங்கள்.